செகிஞ்சானில் சைக்கிள் பயணமா? வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

செகிஞ்சான் - பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரக் குடும்பங்கள் பல சிலாங்கூரின் வடமேற்கே உள்ள செகிஞ்சானுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. வயல்களுக்கிடையே வழிகாட்டியுடன் சைக்கிளில் ஒரு நாள் சுற்றி வருவது இப்போது பலரும் விரும்பும் பொழுதுபோக்கு. நிலம் சமதளம் என்பதால் பிள்ளைகளும் பெரியவர்களும் சிரமமின்றி மிதிக்கலாம். ஆனால், தவறான மாதத்தில் போனால் வெறும் தாளடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இங்கு ஆண்டுக்கு இரண்டு போகம். நட்டதிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 4 மாதங்கள். நடவு நேரத்தில் வயல் கண்ணாடி போல் நீர் நிறைந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் எங்கும் பச்சை. கடைசி வாரங்களில் கதிர் முற்றி மஞ்சளாகும். பொதுவாக மே, ஜூன் மாதங்களிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் அறுவடை நடக்கும். நீர் திறந்துவிடும் நாளைப் பொறுத்து இது முன்பின் ஆகலாம். ஆகவே, முன்பதிவு செய்யுமுன் "இப்போது நாற்றா, கதிரா?" என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பயணம் பெரும்பாலும் வாய்க்கால் ஓரப் பாதைகளில் செல்லும். பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பிவிடப்படும் நீர், பெரிய கால்வாயில் வந்து சிறு வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. மலாய்க்காரர்கள் இதைத் 'தாலி ஆயேர்' என்பார்கள். நீர்க்கயிறு என்று பொருள். மதகு இருக்கும் இடத்தில் சற்று நின்று, ஒரு வயலுக்கு நீர் எப்படி ஏறுகிறது, எப்படி வடிகிறது என்று கேட்டால் பாதி விவசாயம் புரிந்துவிடும்.

நெற்பயிரின் தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள் ஒட்டியிருக்கலாம். இளம் நாற்றைத் தின்று அழிக்கும் தங்க நத்தையின் முட்டைகள் அவை. வயல் நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால், அது கூகைக்கான கூடு. கூகை அலறினால் ஆகாது என்பது நம்மவர் நம்பிக்கை. நெல் விவசாயிக்கோ அது எலி பிடிக்கும் கூட்டாளி.

2023-ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும், இங்கு இறக்குமதி அரிசி விலை ஏறியது. விலை குறைவான உள்ளூர் அரிசி கடைகளில் கிடைக்காமல் பலர் அலைந்தது நினைவிருக்கும். நாட்டுக்கு வேண்டிய அரிசி முழுவதும் இங்கு விளைவதில்லை. விளையும் அரிசியில் ஒரு பங்கு நாம் சைக்கிளில் கடந்து போகும் இந்த வயல்களிலிருந்துதான் வருகிறது.

எனவே சில விஷயங்களில் கவனம் தேவை. படம் எடுக்க வயலுக்குள் இறங்கக்கூடாது. மிதித்த நாற்று விவசாயிக்கு நட்டம். அறுவடை இயந்திரமோ நெல் லாரியோ வந்தால் ஓரம் ஒதுங்கி வழிவிட வேண்டும். மருந்து தெளிக்கும் வயலை நெருங்கக்கூடாது. வாய்க்கால் ஓரத்தில் சிறு பிள்ளைகளை முன்னே விடாமல், பெரியவர்களுக்கு நடுவில் ஓட்டச் சொல்லுங்கள்.

பாதையில் நிழல் கிடையாது. காலை 7.30-க்குள் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பது உத்தமம். தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர் அவசியம். பிற்பகலில் இடி கேட்டால் திறந்த வெளியில் நிற்காமல் உடனே கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள்.

முடிவில், அங்குள்ள அரிசி ஆலையை ஒட்டிய காட்சிக்கூடத்தில் நெல் அரிசியாகும் விதத்தைப் பார்க்கலாம், அரிசியும் வாங்கலாம். புது அரிசியாக இருந்தால் உலைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்; இல்லாவிட்டால் சோறு குழைந்துவிடும்.