சிறைப்பட்ட அயனிகளும் கூட்டுக் கணக்கும்

அயனி என்பது எதிர்மின்துகளை இழந்தோ ஏற்றோ மின்னூட்டம் எய்திய அணுவாகும். அதனை எச்சுவரும் தீண்டாவண்ணம் வெற்றிடத்தில் நிறுத்தி வைத்தல் கூடுமோ? மாறாத மின்விசையை மட்டும் கொண்டு அங்ஙனம் நிறுத்துதல் இயலாதென்பதை எர்ன்ஷா என்னும் ஆங்கில அறிஞர் 1842-ஆம் ஆண்டிலேயே கணித நெறியால் நாட்டினார். ஒரு திசையில் உள்ளே தள்ளும் விசை மற்றொரு திசையில் வெளியே தள்ளியே தீரும். குதிரைச் சேணத்தின்மேல் வைத்த கோலிக்குண்டை நினைக்க. முன்பின்னாக உருளாது நிற்கும் அக்குண்டு பக்கவாட்டில் நழுவி வீழும். ஜெர்மானிய அறிஞர் உல்ஃப்காங் பவுல் இதற்குக் கண்ட வழி, குண்டு நழுவுமுன் சேணத்தையே மாற்றிவிடுதலாம். மின்னழுத்தத்தை நொடிக்குப் பல இலட்சம் முறையோ கோடி முறையோ மாற்றுங்கால், அயனி எப்பக்கமும் தப்பவியலாது நடுவிலேயே தங்குகின்றது. இக்கருவியின் பொருட்டு அவர் 1989-இல் டேமெல்ட் என்பாருடன் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

தங்குகின்றது என்றோமேனும் அது அசையாது கிடக்கின்றதென்பது கருத்தன்று. மெதுவாக ஊசலாடும் அசைவொன்றும், மின்னழுத்தத்தோடொத்து விரைந்து நடுங்கும் அசைவொன்றும் அதற்குண்டு. நடுவினின்றும் விலக விலக இந்நடுக்கம் மிகும். அன்பர்கள் இதனை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

சிறையில் ஓர் அயனியே இருப்பின் அதன் போக்கைத் தாளிலேயே சமன்பாடாக எழுதிவிடலாம். பலவாயின், ஒவ்வொன்றும் ஏனைய எல்லாவற்றையும் தள்ளுகின்றது. 10 அயனிகளுக்கு 45 இணைகள்; 100-க்கு 4,950; 1,000-க்கு 4,99,500. ஆகவே காலத்தைச் சிறுசிறு படிகளாக அறுத்து, படிதோறும் எல்லா விசைகளையும் கூட்டி, ஒவ்வோர் அயனியையும் சிறிது நகர்த்திச் செல்வதே வழியாம். மின்புலம் நொடிக்கு ஒரு கோடி முறை மாறுவதாகவும், ஒவ்வொரு மாற்றத்தையும் 100 படியாக அறுப்பதாகவும் கொள்வோம். நொடியில் ஆயிரத்திலொரு பங்கைக் கடப்பதற்கே பத்து இலட்சம் படிகள் வேண்டும். ஆயிரம் அயனிகளுக்கு இது 49,950 கோடி இணைக் கணக்காகின்றது!

இதனைப் பல பொறிகள் பகிர்ந்துகொள்ளலாமன்றோ? எம் வெள்ளகோவிலில் விசைத்தறிக் கூடங்கள் பல. பத்துத் தறியிற் பத்துத் துணி நெய்தல் எளிது. ஒன்றற்கு மற்றொன்று காத்திராது. ஆயின் ஒரே துணியைப் பத்துத் தறியில் நெய்யச் சொன்னால் யாவரும் நகைப்பர். நூறாவது ஊடை விழுந்த பின்னரன்றோ நூற்றொன்றாவது விழும்? அயனிக் கணக்கிற் காலம் ஊடை போன்றது. அதனைப் பகிர்தல் அரிது. ஒரு படிக்குள் அயனிகளைப் பகிர்தலோ கூடும். ஒவ்வொரு பொறியும் தன் பங்கு அயனிகளின் விசையைக் கணித்து, படியின் முடிவில் அவற்றின் புதிய இடங்களை ஏனைய பொறிகளுக்கெல்லாம் அறிவிக்க வேண்டும். இவ்வறிவிப்பிற்கும் நேரம் செல்லும். பத்து அயனிகளை ஆயிரம் பொறிகளுக்குப் பகிர முயன்றால் பொழுதெல்லாம் பேச்சிலேயே கழியும்.

தொலைவிலுள்ள கூட்டத்தை ஒரே மின்னூட்டமாக மதித்து உழைப்பைக் குறைப்பதும் உண்டு. விண்மீன் கூட்டங்களின் ஈர்ப்பைக் கணிக்கவென 1986-இல் பார்ன்ஸ், ஹட் என்னும் இருவர் அமைத்த முறை இது. ஈர்ப்பும் மின்விசையும் தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறைவனவாதலின், வானுக்கு அமைத்தது அணுவுக்கும் பொருந்துகின்றது.

நம் நாட்டில் 1991-இல் புனேயில் ‘பரம் 8000’ என்னும் கூட்டுக் கணிப்பொறி எழுந்தது. 2022-இல் திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற பொறிக்குப் ‘பரம் பொருள்’ என்று பெயர். தமிழ் பயில்வோர்க்கு இப்பெயர் உவகை தருவதே. அதன் உச்ச ஆற்றல் நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்கு. மேற்கூறிய கணக்கிற்கு ஏட்டளவில் அதற்கு ஒரு நொடியும் வேண்டா. செயலளவில் அறிவிப்பும் காத்திருப்பும் அவ்வேகத்தை எட்டவிடா.

இன்னுமோர் இடர் உண்டு. பல பொறிகள் கூட்டுங்கால் எண்களைக் கூட்டும் வரிசை மாறும். வரிசை மாறின் கடைசி இலக்கம் சிறிது பிறழும். அயனிக் கூட்டத்திலோ சிறு பிறழ்வு விரைவிற் பெரிதாகும். ஆதலின் ஒரு தனி அயனி சென்ற வழியென்று பொறி காட்டுவதை யாம் முற்றும் நம்புதற்கில்லை. கூட்டத்தின் வெப்பநிலை, பருமன் முதலிய சராசரிகளே நம்பத்தக்கன.

அவ்வெப்பநிலையைப் பற்றியே ஒரு வழக்கு எழுந்தது. சிறைப்பட்ட அயனிகளைக் குளிர்ந்த அணுக்களோடு மோதவிட்டுக் குளிர்விக்கலாம். ஆனால் அணு அயனியினும் கனமாயின் அயனி சூடேறும், இரண்டும் ஒத்த நிறையாயின் குளிராது என்று மேஜரும் டேமெல்ட்டும் 1968-இல் கூறினர். சர் சி. வி. இராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தாரோ, ரூபிடிய அயனிகள் ரூபிடிய அணுக்களாலேயே குளிர்வதை 2012-இல் வெளியிட்டனர். முன்னவர் கணக்குப் பிழையன்று; அதில் அணுக்கள் சிறையெங்கும் பரவியிருந்தன. பெங்களூரில் அவை நடுவிலே திரண்டிருந்தன. நடுக்கம் மிகக் குறைந்த இடம் அதுவேயன்றோ? அன்றியும் ஓரினத்து அயனியும் அணுவும் நெருங்குங்கால் எதிர்மின்துகள் கைமாற, விரைந்தது அணுவாகி நீங்க, நின்றது அயனியாகும்.

கணிப்பொறியில் அணுக்களை நடுவில் வைத்தும், எங்கும் பரப்பியும், இருவகையாலும் ஆயிரக்கணக்கான மோதல்களைக் கணித்து ஒப்பிடலாம். ஒவ்வோர் அயனியின் கதையும் தனித்தனியே ஓடுவதால், இது பத்துத் தறியிற் பத்துத் துணி நெய்யும் வேலையே.