கெடுவுக்கு முன் கேளுங்கள்! அவகாசம் கிடைக்கும்!

கெடு!

இரண்டே எழுத்துதான். ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டாலே கல்லூரி மாணவ-மாணவிகளுக்குக் குலை நடுங்குகிறது.

"வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை வந்து சேர வேண்டும்" என்று பேராசிரியை சொல்லி விட்டார். வியாழக்கிழமை இரவும் வந்து விட்டது. கட்டுரை பாதியில் நிற்கிறது. என்ன செய்வது?

சிலர் விடிய விடிய எழுதுகிறார்கள். சிலர் தோழியின் கட்டுரையைப் பார்த்து அப்படியே எழுதி விடுகிறார்கள். சிலர் வெள்ளிக்கிழமை கல்லூரிப் பக்கமே போவதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. "அம்மா, எனக்கு இன்னும் 4 நாள் அவகாசம் வேண்டும்" என்று பேராசிரியையிடம் போய்க் கேட்பதுதான் அது. நேர்மையான வழி. காசு செலவில்லாத வழி. ஆனால், அந்த வழியில் போகத்தான் பலருக்குத் துணிவு வருவதில்லை.

விளாங்குடியில் இரண்டு வகைப் படிப்பு

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரோட்டில் இருக்கிறது விளாங்குடி. முன்பு அது தனிப் பேரூராட்சி. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது.

அந்தப் பக்கத்தில்தான் பாத்திமா கல்லூரி இருக்கிறது. 1953-ல் தொடங்கப்பட்ட பெண்கள் கல்லூரி அது. சற்றுத் தள்ளி, அலங்காநல்லூர் ரோட்டில், சிக்கந்தர் சாவடியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மதுரை மண்டல மையம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே, குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே பட்டம் படிக்க விரும்புகிறவர்களுக்காக 1985-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகம் அது.

ஆக, ஒரே வட்டாரத்தில் இரண்டு வகை மாணவர்கள். ஒருவர் தினமும் வகுப்புக்குப் போகிறவர். மற்றவர் வீட்டில் இருந்தபடி படிக்கிறவர். இருவருக்கும் பொதுவானது கெடு.

கட்டுரைக்கு எவ்வளவு மார்க்?

வீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுக்கும் கட்டுரையைக் கல்லூரியில் "அசைன்மென்ட்" என்கிறார்கள்.

"பரீட்சைதானே முக்கியம்? கட்டுரை கொடுக்காவிட்டால் என்ன?" என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அது தவறு.

நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால், 75 மார்க்தான் பரீட்சைக்கு. மீதி 25 மார்க் கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. அதற்குப் பெயர் "இன்டர்னல் மார்க்". அந்த 25-க்குள் கட்டுரையும் அடக்கம். சில கல்லூரிகளில் இந்தக் கணக்கு சற்று மாறும்.

இரண்டு மாணவிகள் பரீட்சையில் ஆளுக்கு 50 மார்க் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு இன்டர்னல் மார்க் 22. மற்றவளுக்கு 10. முதல் பெண்ணுக்கு மொத்தம் 72. இரண்டாவது பெண்ணுக்கு 60. பரீட்சை ஹாலில் இருவரும் சமம்தான். வித்தியாசம் அதற்கு முன்பே வந்து விட்டது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இது இன்னும் கண்டிப்பு. அங்கே பெரும்பாலான படிப்புகளில் நூற்றுக்கு 30 பங்கு கட்டுரைக்கு. 70 பங்கு பரீட்சைக்கு. பரீட்சையில் நன்றாக எழுதினாலும், கட்டுரையிலும் தேறினால்தான் அந்தப் பாடம் முடியும்.

கெடுவில் மூன்று வகை

எல்லாக் கெடுவும் ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய் விடும்.

முதல் வகை, பேராசிரியர் வைக்கும் கெடு. "இந்த வெள்ளிக்கிழமை" என்று சொன்னவர் அவர். தக்க காரணம் இருந்தால் "அடுத்த செவ்வாய்க்கிழமை" என்று சொல்ல அவரால் முடியும். அவகாசம் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது வகை, ஆபீஸ் வைக்கும் கெடு. இன்டர்னல் மார்க்கைக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பி முடிக்க ஒரு தேதி இருக்கும். அதைத் தாண்டிப் போனால் பேராசிரியர் இரக்கப்பட்டாலும் பயன் இல்லை. பரீட்சைக் கட்டணமும் இந்த வகைதான். தேதி தவறினால் அபராதத்தோடு கட்டச் சில நாள் விடுவது வழக்கம். அதுவும் தவறினால் கதவு அடைத்து விடும்.

மூன்றாவது வகை, பரீட்சை நாள். அதை ஒரு மாணவிக்காக மாற்ற முடியாது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கெடுவை டெல்லியில் இருக்கும் தலைமை அலுவலகம்தான் நிர்ணயிக்கிறது. ஜூன் பரீட்சைக்கு மார்ச் 31, டிசம்பர் பரீட்சைக்குச் செப்டம்பர் 30 என்பது பொதுவான கணக்கு. அந்தத் தேதியைப் பல முறை நீட்டித்து அறிவித்திருக்கிறார்கள். ஆனால், "எப்படியும் நீட்டிப்பார்கள்" என்று நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. நீட்டிக்காத முறை ஒன்று வந்தால், அந்தப் பரீட்சை போய் விடும். தேதியை அவ்வப்போது விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கேட்கத் தயங்குவது யார்?

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஆஷ்லி வில்லன்ஸ் என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது.

அவர்கள் கண்டது என்ன? தள்ளிப்போடக்கூடிய கெடுவாக இருந்தாலும், ஆண்களை விடப் பெண்கள்தான் அவகாசம் கேட்கத் தயங்குகிறார்கள். "திறமை இல்லாதவள் என்று நினைத்து விடுவார்களோ?" "மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ?" என்ற எண்ணம் அவர்களைத் தடுக்கிறது. கேட்பதற்கு முறையான ஒரு விதி இருந்தால், அந்தத் தயக்கம் குறைகிறது.

அமெரிக்கப் பெண்களே தயங்கினால், நம் ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

பரவை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள். பேராசிரியையிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. "டீச்சரை எதிர்த்துப் பேசாதே, தாயி" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவகாசம் கேட்பதும் எதிர்த்துப் பேசுவதுதான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். வாயை மூடிக்கொண்டு மார்க்கை இழக்கிறாள்.

டாக்டர் வீட்டுப் பிள்ளையோ, வக்கீல் வீட்டுப் பிள்ளையோ அப்படி இருப்பதில்லை. "போய்க் கேட்டுப் பார்" என்று அப்பாவே சொல்லி அனுப்புகிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் அறிவு ஒன்றுதான். கேட்கலாம் என்ற விஷயம் ஒரு வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு வீட்டுக்குத் தெரியவில்லை.

சட்டமே அவகாசம் தருகிறது

அவகாசம் என்பது பிச்சை அல்ல. பல இடங்களில் விதியிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

டாக்டர் பட்ட ஆராய்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆராய்ச்சியை முடிக்க அதிக பட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை தரலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தரலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு.

பட்டப் படிப்பு படிக்கும் பெண்களுக்கும் பிரசவ விடுப்பு, வருகைப் பதிவில் தளர்வு முதலியவை தர விதி செய்யுங்கள் என்று 2021 டிசம்பரில் அதே குழு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது.

கொரோனா வந்த 2020-ம் ஆண்டில், ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதம் அவகாசம் தரலாம் என்று அந்தக் குழு அறிவித்தது. பிறகு அதை மேலும் நீட்டித்தது.

பரீட்சை ஹாலிலும் இது உண்டு. எழுதச் சிரமப்படும் ஊனமுற்ற மாணவருக்கு, மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசு வகுத்த நெறி. 3 மணி நேரப் பரீட்சையில் அவருக்கு 4 மணி நேரம் கிடைக்கும்.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் கட்டுரைக்கு அவகாசம் கேட்பதற்கென்றே படிவம் வைத்திருக்கின்றன. சில நாள் அவகாசத்துக்கு டாக்டர் சர்டிபிகேட்கூட வேண்டாம் என்று சில பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன.

நம் கல்லூரியில் படிவம் இல்லாவிட்டால் என்ன? ஒரு வெள்ளைத்தாள் போதும்.

எப்படிக் கேட்பது?

ஐந்து விஷயங்களை மறக்காதீர்கள்.

1. கெடுவுக்கு முன்பே கேளுங்கள். இரண்டு நாள் முந்திக் கேட்டால் பொறுப்பான பிள்ளை என்பார்கள். இரண்டு நாள் பிந்திக் கேட்டால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். காரணம் ஒன்றாகவே இருந்தாலும் இப்படித்தான்.

2. உண்மையைச் சொல்லுங்கள். கட்டுரைக் காலம் வந்தால் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போவது எல்லாப் பேராசிரியர்களுக்கும் தெரிந்த கதை. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்கப் போனதால் எழுதவில்லை என்றால், அது காரணம் ஆகாது. அதை மறைக்கப் பொய்ச் சர்டிபிகேட் வாங்கினால், அது குற்றம் ஆகி விடும்.

3. எத்தனை நாள் என்று சொல்லுங்கள். "கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "4 நாள்" என்று கேளுங்கள்.

4. எழுதிய வரைக்கும் காட்டுங்கள். பாதிக் கட்டுரை கையில் இருந்தால், பாதி நம்பிக்கை அப்போதே கிடைத்து விடும்.

5. சொன்ன நாளில் கொடுங்கள். ஒரு முறை வாக்குத் தவறினால், மறுமுறை உண்மையான கஷ்டம் வந்தாலும் நம்ப மாட்டார்கள்.

மாதிரிக் கடிதம்

இப்படி எழுதலாம்:

"அனுப்புநர்: (பெயர், வகுப்பு, பதிவு எண்)

பெறுநர்: பேராசிரியை அவர்கள், வரலாற்றுத் துறை.

பொருள்: கட்டுரை கொடுக்க 4 நாள் அவகாசம் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கட்டுரையில் 5 பக்கம் எழுதி விட்டேன். என் தகப்பனார் திங்கட்கிழமை முதல் மதுரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். இரவில் நான்தான் உடன் இருக்கிறேன். ஆகையால் குறித்த நாளில் முடிக்க இயலவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குள் கட்டுரையைக் கொடுத்து விடுவேன். எழுதிய பக்கங்களையும் மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்புகூர்ந்து அனுமதி தர வேண்டுகிறேன். தங்கள் கீழ்ப்படிந்த மாணவி."

அவ்வளவுதான். அழுகை வேண்டாம். நீண்ட கதை வேண்டாம். பேராசிரியை "சரி" என்று சொன்னால், கடிதத்திலேயே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போனில் கேட்டிருந்தால், அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் உதவும்.

"முடியாது" என்று சொல்லி விட்டால்? அதற்கும் வழி உண்டு. "தாமதமாகக் கொடுத்தால் எத்தனை மார்க் குறைப்பீர்கள், அம்மா?" என்று பணிவாகக் கேளுங்கள். ஒன்றும் கொடுக்காமல் பூஜ்யம் வாங்குவதை விட, இரண்டு மார்க் குறைத்து வாங்குவது மேல். காரணம் பெரியதாக இருந்தால் துறைத் தலைவரைப் பார்க்கலாம்.

பேராசிரியரின் பக்கமும் உண்டு

பேராசிரியரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் 60 பேர் இருந்தால் 60 கட்டுரையையும் அவர் திருத்த வேண்டும். அவருக்கும் ஆபீஸ் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஒருத்திக்கு அவகாசம் கொடுத்தால், இரவெல்லாம் கண் விழித்துக் குறித்த நாளில் கொடுத்த இன்னொருத்திக்கு அநியாயம் ஆகி விடக்கூடாது என்றும் அவர் பார்க்க வேண்டும்.

ஆகையால் எல்லாக் கட்டுரைக்கும் அவகாசம் கேட்பது முறை அல்ல. இடையூறு வந்தால் கேட்கலாம். சோம்பலுக்குக் கேட்கக்கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

மகள் படிக்கும் பாடம் உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு முறை, "இந்த வாரம் என்ன கொடுக்கணும், எந்தத் தேதிக்குள் கொடுக்கணும்?" என்று கேளுங்கள். சொல்லும் தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அந்த வட்டத்துக்கு முந்திய மூன்று நாளும் அவளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வீட்டு வேலைதான் பல பெண்களுக்குக் கெடு தவறக் காரணம் ஆகிறது. நீங்கள் வீட்டிலேயே அந்த அவகாசத்தைக் கொடுத்து விட்டால், அவள் கல்லூரியில் போய்க் கேட்க வேண்டிய தேவையே பல முறை வராது.

அப்படியும் கஷ்டம் வந்து விட்டால், "பயப்படாமல் போய்க் கேள், தாயி" என்று சொல்லி அனுப்புங்கள்.