தலைமேல் விழுந்த கருமை

விக்டோரியா மகாராணியின் சிரம் பொறித்து, ஓரத்தில் துளையிடாமல், 1854 அக்டோபரில் இந்தியா முழுமைக்கும் பொதுவாக வெளிவந்த அரையணா நீலத் தபால் தலையை, ஒருமுறை ஒட்டியவர் மறுமுறையும் ஒட்டிவிடாதபடி மைபூசிக் கெடுப்பதே முத்திரையின் ஆதி நோக்கம், அழகன்று. ஆயினும் அந்தக் கறையே பிற்கால ஆராய்ச்சியாளருக்குப் பிரமாணமாயிற்று. சிங்கப்பூரும் பினாங்கும் இந்தியத் தபால் நிர்வாகத்தில் அடங்கியிருந்த நாளில், முன்னதற்கு ‘பி 172’ என்றும் பின்னதற்கு ‘பி 147’ என்றும் இலக்கம் விதித்திருந்தபடியால், உறையை இழந்து தனித்து நிற்கும் தலையுங்கூடத் தான் புறப்பட்ட துறைமுகத்தைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவிலோ, வாட்டர்பரி நகரத் தபால் ஊழியர் ஜான் ஹில், தக்கையைக் கத்தியால் செதுக்கி முத்திரை செய்தார். 1869 இல் அவர் செதுக்கிய ஓடும் கோழிக்கு இன்றும் சேகரிப்போரிடையே தனி மதிப்பு. உத்தியோக நேரத்தில் இத்தகைய விளையாட்டு நம்மவருக்கு வாய்க்கவில்லை போலும்!

நம் மொரப்பூரில், பாட்டனார் காலத்துக் கடிதக் கட்டு உங்கள் வீட்டுப் பரணில் அகப்பட்டால், தலையை மட்டும் கத்தரிக்காதீர்கள், நீரிலும் ஊறவைக்காதீர்கள். முத்திரை பாதி தலைமேலும் பாதி உறைமேலும் விழுந்திருக்கும். உறையோடு அப்படியே வைத்திருங்கள்.