வெயில் மயக்கமா, மாரடைப்பா? கோடையில் இதயத்தைக் காப்பது எப்படி?

பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது திருவானைக்காவல். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், ஜம்புகேஸ்வரர் கருவறையிலேயே ஊறும் நீர் என்று குளிர்ச்சிக்குப் பேர்போன ஊர். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் காவிரியில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளே ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில் திருச்சியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல.

அந்த வெயிலில் உச்சிக்கால பூஜை பார்க்க வரும் பெரியவருக்கோ, டிரங்க் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்மணிக்கோ தலை சுற்றினால், "வெயில் மயக்கம், கொஞ்சம் மோர் குடிங்க" என்போம். பல நேரம் அது சரிதான். சில நேரம் அது இதயம் கொடுக்கும் எச்சரிக்கை.

வெயில் என்ன செய்கிறது?

உடல் சூடாகும்போது, அந்தச் சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலை நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. அதற்காக இதயம் வேகமாகவும் கூடுதலாகவும் துடிக்க வேண்டும். வியர்வையில் நீரும் உப்பும் போய்விடுவதால் ரத்தம் கெட்டிப்பட்டு, உறையும் வாய்ப்பு கூடுகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அடைப்போ, ரத்த அழுத்தமோ, சர்க்கரை நோயோ உள்ளவருக்கு இது பெரும் சுமை. பருவநிலை மாற்றத்தால் இரவுகளும் சூடாகி வருவதால், இதயத்துக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் குறைகிறது.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வீசிய வெப்ப அலையின்போது, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஆனால் வெப்பத்தால் போகும் உயிர்களில் பல, 'மாரடைப்பு' என்ற பெயரிலேயே பதிவாகிவிடுகின்றன.

புகை எங்கே போகிறது?

வண்டிப் புகையிலும், குப்பை எரியும் புகையிலும் இருக்கும் மிக நுண்ணிய துகள்களை 'பி.எம். 2.5' என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு, தொண்டையின் தடுப்புகளைத் தாண்டி நுரையீரலின் அடி ஆழம் வரை போய் அழற்சியை உண்டாக்கும். அதில் மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். ரத்தக்குழாயின் உட்சுவர் பாதிக்கப்படும், ரத்த அழுத்தம் ஏறும், கொழுப்புப் படிவு வளரும். வெளிக்காற்று மாசால் நேரும் அகால மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கு இதய நோயாலும் பக்கவாதத்தாலும்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தத் துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ வெறும் 5.

தேசிய தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, தூத்துக்குடியோடு திருச்சியும் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் நகரங்களுக்கு மதிப்பெண் போடுவது 'பி.எம். 10' எனும் பெரிய துகளை வைத்து. அதனால் சாலைப் புழுதியை அள்ளுவதில்தான் கவனம் அதிகம். இதயத்தை அதிகம் சுடுவது எரிபொருளும் குப்பையும் எரிவதால் வரும் நுண்துகள். அரியமங்கலம் குப்பைக் கிடங்கு பலமுறை தீப்பற்றி எரிந்ததைத் திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டும் சேர்ந்தால்?

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் 2015 முதல் 2020 வரை மாரடைப்பால் இறந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். கடும் வெப்ப அலை நான்கு நாட்கள் நீடித்து, காற்றில் நுண்துகளும் அதிகம் இருந்தபோது, மாரடைப்பு மரணத்தின் அபாயம் இரு மடங்கானது. பெண்களுக்கும் முதியோருக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் அது வெயில் சோர்வு. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்குதல், சில்லென்ற வியர்வை இருந்தால் தாமதிக்கக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், அசதியாகவும் நெஞ்சு கரிப்பாகவும் முதுகு வலியாகவும் மாரடைப்பு வரலாம். 'கேஸ்' என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் நடக்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

உடல் நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்ப வாதம். 108 வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* 11 மணி முதல் 4 மணி வரை முதியோரை வெளியே அனுப்பாதீர்கள். கோயிலுக்குக் காலையிலோ, மாலையிலோ போகலாம்.
* நடைப்பயிற்சிக்கு டிரங்க் ரோட்டைவிடக் கோயில் மதிலை ஒட்டிய உள்தெருக்கள் நல்லது. பெரிய சாலையை விட்டு விலக விலக வண்டிப் புகை வெகுவாகக் குறையும்.
* ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நீர்மோரில் உப்பைக் குறையுங்கள். இதயம் பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், கோடைக்கான அளவை டாக்டரிடம் கேளுங்கள்.
* சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும், ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் வெயிலில் கிறுகிறுப்பைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் காட்டி, அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.
* மூடிய அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் புகைய வேண்டாம். சருகையும் பிளாஸ்டிக்கையும் தெருவில் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை முதலில் நுழைவது பக்கத்து வீட்டுப் பாட்டியின் அறைக்குள்தான்.