டெட் மேன் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் (பலகை விளையாட்டு)

டெட் மேன் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்பது வீட்டில் மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடும் கொலைப்புதிர் விளையாட்டு ஆகும். ஜெர்மனியின் காஸ்மோஸ் நிறுவனம் வெளியிடும் 'எக்சிட்' வரிசையைச் சேர்ந்தது. இன்கா பிராண்ட், மார்க்கஸ் பிராண்ட் தம்பதியர் வடிவமைத்த இவ்வரிசையின் முதல் மூன்று விளையாட்டுகள் 2016-இல் வெளிவந்தன.

ஓடும் தொடர்வண்டியில் ஒருவர் கொல்லப்படுகிறார். வண்டி கான்ஸ்டான்டிநோபிளை அடைவதற்குள் கொலையாளியைக் கண்டறிய வேண்டும். பெயர் அகதா கிறிஸ்டியின் 1934-ஆம் ஆண்டுப் புதினத்தை நினைவூட்டினாலும் கதை வேறு.

ஒவ்வொரு புதிருக்கும் விடை மூன்று இலக்க எண். அதைக் குறியீட்டு வட்டில் அந்தப் புதிருக்குரிய குறியின் கீழ் அமைத்தால் சிறு துளையில் ஓர் அட்டையின் எண் தெரியும். அவ்வட்டை விடை தவறு என்று சொல்லும், அல்லது வேறோர் அட்டைக்கு அனுப்பும். இரண்டாம் அட்டை கிடைத்துவிட்டதாலேயே விடை சரி என்று மகிழ்ந்துவிடக் கூடாது. தவறு என்பது சில வேளைகளில் அங்குதான் தெரியவரும்.

அட்டைகளை மடிக்கவும் வெட்டவும் எழுதவும் வேண்டியிருப்பதால் ஒரு பெட்டியை ஒருமுறைதான் விளையாட முடியும். வெட்டியதை ஒட்டவைக்க வழியில்லை. எனவே கத்தரிக்கோலை எடுக்குமுன் முதல் உதவி அட்டையைப் பார்ப்பது நல்லது. அப்புதிருக்குத் தேவையான பொருள்கள் கைக்கு வந்துவிட்டனவா என்பதை அது சொல்லும். இரண்டாவது அட்டை வழிகாட்டும், மூன்றாவது விடையையே தரும். புதிய செய்தி எதுவும் தராத உதவி அட்டை கணக்கில் சேராது. எடுத்துக்கொண்ட நேரத்தையும் உதவி அட்டைகளையும் வைத்து அதிகபட்சம் 10 நட்சத்திரங்கள் வழங்கப்படும்.