கூட இருக்க ஒரு கை

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். அந்தக் கரிசல் மண்ணில் பிள்ளை பெற்ற பெண்களை யார் நினைக்கிறார்கள்? மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதைகிற மண் அது. அந்த நாளில் நடுராத்திரி இடுப்புவலி கண்டால் மருத்துவச்சிதான் கதி!

அவளிடம் பொறுமை இருந்தது. "நட தாயி, வலி நல்லா வரட்டும்" என்பாள். இடுப்பை நீவிவிடுவாள், விடியும் மட்டும் நகரமாட்டாள். ஆனால், துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் சிசுவுக்கு ரண ஜன்னி. உதிரம் நிற்காவிட்டால் தாய்க்கு எமன். அதற்கு அவளிடம் மருந்து ஏது? பழங்காலத்தைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்று? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். சந்தோஷம்! ஆனால் 45 பேருக்கு ஆபரேஷன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் 36, தனியாரிடத்தில் 64! ஒரு நாட்டில் இது 10-ஐத் தாண்டினால் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தால் கத்தி தெய்வம்தான். ஜோசியர் குறித்த முகூர்த்தத்துக்காகவா வயிற்றைக் கிழிப்பது?

மருத்துவச்சியின் பொறுமையை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவர வழி இல்லையா? 2018-ல் மத்திய சர்க்கார், நர்ஸுகளுக்கு 18 மாதப் பேறுகாலப் பயிற்சி தரத் திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருத்தி உடனிருக்கவும் ஏற்பாடு உண்டு. மகளுக்கு மாதம் நெருங்குகிறதா? "நான் உள்ளே வரலாமா?" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அம்மா.