இஞ்ச் ஏறும்போது எது குறைகிறது?

ஒரே காரின் பேஸ் மாடலையும் டாப் எண்டையும் பக்கத்தில் நிறுத்தினால், கண்ணில் படும் முதல் வித்தியாசம் சக்கரம்தான். ஒன்றில் கறுப்பு ஸ்டீல் ரிம், அதை மூட ஒரு பிளாஸ்டிக் வீல் கேப். மற்றதில் பளபளக்கும் அலாய் வீல். அந்தக் குறையைப் பிறகு பணம் செலவழித்துத் தீர்த்துக்கொள்ள நினைப்பதில் தவறே இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய கார் அழகாக நிற்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அக்சஸரீஸ் கடையில் பேச்சு அழகோடு நிற்பதில்லை. எடை குறையும், மைலேஜ் ஏறும், பிக்கப் கூடும் என்கிறார்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், இரண்டு மூன்று இஞ்ச் ஏற்றியே போட்டுவிடலாம் என்கிறார்கள். ஸ்டீலிலிருந்து அலாய்க்கு மாறுவதால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படி ஏற்றும் இஞ்சிலிருந்துதான் வருகின்றன.

முதலில் எடைக் கணக்கு. அலாய் வீலின் உலோகமான அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதைக் கேட்டதும் சக்கரத்தின் எடையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று தோன்றும். ஆனால் வளையாமல் தாங்கும் விறைப்பும் அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். அதை ஈடுகட்ட, வார்க்கும்போது நல்ல கனமாக வார்க்க வேண்டியிருக்கிறது. அழுத்திச் செதுக்கும் ஃபோர்ஜ்டு வீல் உண்மையிலேயே இலேசானது. அதன் விலை சாதாரணக் கார்க்காரர் எட்டிப்பிடிக்கக் கூடியதல்ல. நம் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை வார்ப்பு வீல்கள். ஒரே அளவில் இவை ஸ்டீலைவிடக் கொஞ்சம் குறைவாக எடை காட்டலாம். இரண்டு இஞ்ச் ஏற்றினால் அந்த லாபமும் போய்விடும். தவிர, பெரிய ரிம்மில் எடை மையத்தைவிட்டு விலகி ஓரத்துக்குப் போகிறது. ஓரத்தில் இருக்கும் எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் அதிக சக்தி வேண்டும். எனவே மைலேஜுக்காக இஞ்ச் ஏற்றுவது தலைகீழான கணக்கு.

இனி டயர். 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ் வேரியன்ட்களில் 14 இஞ்ச் ஸ்டீல் ரிம். டயர் அளவு 165/80. மேல் வேரியன்ட்டில் 15 இஞ்ச் அலாய்; டயர் 185/65. டயரில் உள்ள இரண்டாவது எண், அதன் அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பதைச் சொல்கிறது. பெருக்கிப் பார்த்தால் 14 இஞ்ச் டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். 15 இஞ்ச்சில் 120. கடைக்காரர் 16 இஞ்ச்சுக்கு 195/55 போட்டால் 107. 17 இஞ்ச்சுக்கு 205/45 போட்டால் வெறும் 92. நான்கிலும் டயரின் மொத்த விட்டம் 62 சென்டிமீட்டரை ஒட்டியேதான் இருக்கிறது. அதனால் ஸ்பீடோமீட்டரும் பெரிதாகப் பிசகாது, வண்டியின் உயரமும் மாறாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிவது இதனால்தான். குறைந்தது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருந்த ரப்பரும் காற்றும். 14-லிருந்து 17-க்குப் போகும்போது அதில் 4 சென்டிமீட்டர் போய்விடுகிறது.

மழைக்காலம் முடிந்த சாலைகளில் அந்த 4 சென்டிமீட்டரின் அருமை தெரியும். தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத குழியில் சக்கரம் விழும்போது, உயரமான பக்கச் சுவர் அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். சுவர் குட்டையானால் அடி நேரே ரிம்மில் இறங்கும். ஸ்டீல் ரிம் நெளியும். உடைவதற்கு முன் இருபது சதவீதத்துக்கு மேல் நீளக்கூடிய உலோகம் அது. பெண்டு எடுத்து மறுபடி ஓட்டலாம். வார்ப்பு அலாய் பத்து சதவீதம் நீள்வதே அரிது. அதனால் அது விரிசல் விடுகிறது. விரிசலும் பெரும்பாலும் உள்பக்க விளிம்பில், வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில் விழுகிறது. வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துக் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் அலாய் வீலின் பலமே வார்த்த பிறகு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துவதால் வருவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெடுகிறது. வெல்டு வைத்த அலாயை நம்பி நெடுஞ்சாலையில் 100-இல் போகக் கூடாது.

கார் கம்பெனிகளே அலாய் கொடுக்கின்றனவே, அவை உடைகின்றனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, என் வாதத்துக்குச் சாதகமானதும்கூட. கம்பெனி கொடுப்பது அந்தக் காரின் எடைக்கும் சஸ்பென்ஷனுக்கும் சோதித்த வீல். ஸ்விஃப்ட்டில் அது ஏற்றியதும் ஒரு இஞ்ச்தான். பிரேக் சூடு சீக்கிரம் ஆறும் என்பது இன்னொரு வாதம். அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. மலைப்பாதையில் ஓயாமல் பிரேக் மிதிப்பவருக்கு அது கொஞ்சம் உதவலாம். நகரத்தில் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. டியூப்லெஸ் டயருக்கு அலாய்தான் வேண்டும் என்பது வெறும் நம்பிக்கை. இன்று கார்களில் வரும் ஸ்டீல் ரிம்களிலும் டியூப்லெஸ்தான் ஓடுகிறது. கடலோர ஊர்களில் ஸ்டீல் துருப்பிடிக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே அலாய் வேண்டும் என்பவருக்கு நல்ல வழி, அதே காரின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவிலேயே வாங்குவதுதான். வெளிச் சந்தையில் வாங்கினால் முகப்பு டிசைனைப் பார்ப்பதற்கு முன் வீலைத் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, ஜப்பானிய ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகளோ, தாங்கும் எடையோ எதுவும் வார்க்கப்பட்டிருக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். நட் துளைகளின் இடைவெளி பொருந்தினால் போதாது. நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேகம் கூடும்போது ஸ்டியரிங் அதிரும். புது நட்டுகள் டிக்கியில் இருக்கும் ஸ்டீல் ஸ்டெப்னிக்கும் சேருமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். வீலின் விலையைப் பாலிசியில் சேர்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.